இரண்டு சுவருக்கு நடுவில்

அந்தக் கல்லூரியில் இசைத்துறை குடியிருந்தது பழைய வேதியியல் கூடத்தில். வேதியியல்காரர்கள் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, விரிசல் விட்ட குடுவைகளோடு கூடத்தையும் இசைக்காரர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். நீளமான ஒரே கூடம். அதை அட்டைப் பலகையால் குறுக்கே குறுக்கே தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் அறை என்று பெயர் வைத்தாயிற்று. இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் வரும். மேசைகளில் தண்ணீர்க் குழாய்களைக்கூடக் கழற்றவில்லை. வயலின் பையை மாட்ட அவை வசதியாக இருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

துறைக்குத் தலைவியாக இருந்தவள் வாய்ப்பாட்டு ஆசிரியை. கல்லூரி முழுக்க அவளுக்குத் தலைவி என்றே பெயர். வீட்டில் கணவரும் அவளைச் சீண்ட நினைக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். அவரும் அதே கல்லூரிதான். வரலாறு நடத்துபவர். விதி செய்த வேலையைப் பாருங்கள், அவருடைய வகுப்பறை இசைத்துறைக்கு நேர் கீழே.

மேலே ட்ரம்ஸ் வகுப்பு ஆரம்பித்தால் கீழே சாம்ராஜ்யங்கள் தாமாகச் சரியும். ட்ரம்ஸ் ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் இடி. தலைவியை 'அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே தம்பியானவன். அந்தக் கணக்கில் வரலாற்று ஆசிரியர் அவனுக்கு மாமா. ட்ரம்ஸ் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று முதல்வரிடம் ஒரு மனு போனபோது, அதில் முதல் கையெழுத்து மாமாவுடையது.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றான் இடி, வழியில் பார்த்தபோது.

"உன் மேல கோபம் இல்லப்பா. உன் கை மேலதான்."

வீட்டில் இவ்வளவு லேசாகத் தீரவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் தலைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா போட விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல. பின் பெஞ்சு பூரா தூங்குது. மேல அந்தச் சத்தம், கீழ நான் தொண்டை கிழியக் கத்தறேன். என் பொழப்பையும் பாரும்மா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

முதல்வர் தலைவியை அழைத்து, "ட்ரம்ஸ் இல்லாம இசைத்துறை நடத்த முடியாதா மேடம்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். கணக்கில்லாமல் கணிதத்துறை நடத்துவீர்களா என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். முதல்வர் கடைசியாகச் சொன்னது தெளிவாக இருந்தது. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் இசைக்குத் தனிக் கட்டடத்துக்கு வழி பிறக்க வேண்டும். பிறக்காவிட்டால் அடுத்த ஆண்டு ட்ரம்ஸ் வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லையென்றால் இடிக்கும் வேலை கிடையாது.

வரைபடம் தயாரானது. கட்டட வடிவமைப்பாளர் ஒரு சின்னப் பெண். வாயைத் திறந்தால் சுவரைப் பற்றித்தான் பேசுவாள். சின்னச் சின்னப் பயிற்சி அறைகள், ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சுவர், இரண்டு சுவருக்கும் நடுவில் இடைவெளி, அழுத்தி மூடினால் மூச்சே வெளியே போகாத கனமான கதவு. முதல்வர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வரைபடத்தின் மேல் விரலை வைத்தார்.

"நடுவுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு செலவு?"

"ஆமா சார். இந்தச் சுவர் நடுங்கினா அந்தச் சுவருக்குத் தெரியக்கூடாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது. தொட்டா சத்தம் தாண்டிடும்."

முதல்வர் தலைவியைப் பார்த்தார். தலைவி கூரையைப் பார்த்தாள்.

நிதி திரட்டக் கிளம்பியபோதுதான் அந்த 'ஒண்ணும் இல்ல' எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்தது. பழைய மாணவர்கள் ஒன்றும் கஞ்சர்கள் அல்ல. ஒருவர் மேடைத் திரை வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒருவர் வாசலுக்குப் பெரிய கடிகாரம் என்றார். இன்னொருவர் மின்தூக்கிக்குத் தன் பெயரை வைக்க முடியுமா என்று விசாரித்தார். கட்டடம் ஒரே தளம்தான் என்றதும் வருத்தத்தோடு விலகிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக்குப் பணம் தர மட்டும் ஆளில்லை. யாரைக் குறை சொல்ல? காற்றின் மேல் பெயர்ப்பலகை மாட்ட முடியுமா?

கடைசியில் மாட்டியவர் மெத்தை முதலாளி. ஊருக்கு வெளியே பெரிய மெத்தைத் தொழிற்சாலை வைத்திருந்தார். பாட்டுக்கும் அவருக்கும் தூரம் அதிகம், ஆனால் கல்லூரியில் தன் பெயரில் ஏதாவது நிற்க வேண்டும் என்ற ஆசை உண்டு. நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். புதன்கிழமை வருவதாக ஏற்பாடு.

"என் வகுப்புல உக்கார வை" என்றார் கணவர். மனுவில் கையெழுத்துப் போட்ட பாவத்தைக் கழுவ அவருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது. "நான் தினமும் படற பாட்டை அந்த மனுஷன் ஒரு மணி நேரம் படட்டும். எழுந்து ஓடிப்போய்க் கையெழுத்துப் போடுவார்."

யோசனை பிரமாதமாகத்தான் இருந்தது. தலைவி எல்லோரையும் கூட்டிச் சொன்னாள்: "யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவங்கவங்க பாடத்தை அவங்கவங்க நடத்துங்க. எப்பவும் போல." போதாதென்று ஆளுக்கு ஒரு பாட்டாகப் பிரித்தும் கொடுத்தாள். ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாத பாட்டுகள். இதைவிட நாராசமாக ஒரு கூட்டம் வாசிக்க முடியாது என்று அவள் திருப்தியோடு மேலே போனாள்.

தொடக்கம் அருமை. ட்ரம்பெட் ஒரு பக்கம் அலற, பியானோ ஒரு பக்கம் உருள, வயலின்கள் கதறின. இடி நடுவில் புகுந்து விளாசினான். தலைவி தன் தடுப்புக்குள் முதலாமாண்டு மாணவிகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, கீழே மெத்தை முதலாளியின் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அப்புறம் பாட்டில் மூழ்கிவிட்டாள். பக்கத்துத் தடுப்பில் ட்ரம்பெட் துளி சுருதி ஏறி ஒலித்தது. அவள் குரலைச் சற்றுத் தூக்கி அதற்கு இடம் கொடுத்தாள். அது அவள் யோசித்துச் செய்ததே இல்லை. வேகமாகப் போகும் வயலின்களை இடி ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினான். பியானோ அந்தத் தட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவர் நுழைந்தார். இத்தனை வருடம் ஓட்டைப் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்தவர்களுக்கு வேறு எப்படி வாசிக்கத் தெரியும்?

மணி அடித்ததும் அவள் கீழே ஓடினாள். வகுப்பறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மெத்தை முதலாளி கடைசி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கணவர் கையில் சாக்கட்டியோடு கரும்பலகைப் பக்கம் அப்படியே நின்றிருந்தார்.

"நான் என்ன பண்றது?" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு? இன்னிக்குப் பார்த்து நல்லா இருந்துச்சு."

மெத்தை முதலாளி எழுந்து வந்து தலைவியைக் கும்பிட்டார்.

"நடுவுல தடுப்பு இருக்கும்போதே இப்படின்னா, தடுப்பே இல்லாம ஒரே ஹாலா கட்டினா எப்படி இருக்கும் மேடம்! எதுக்கு இத்தனை சுவரு? எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிங்க. ஹால் நான் கட்டித் தர்றேன்."

அவரை அழைத்து வந்திருந்த முதல்வரின் முகம் மலர்ந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வெளியே மண்டபம் தேட வேண்டாம். ஆண்டு விழா, கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் ஆயிற்று. வாசலில் பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை. எல்லோருக்கும் சந்தோஷம். தலைவி மட்டும், "ட்ரம்ஸ் வகுப்பு?" என்று கேட்டாள்.

"புது ஹால்ல தினமும் ட்ரம்ஸ் அடிக்க விட முடியாதே மேடம்" என்றார் முதல்வர். "பார்க்கலாம்." அவர் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்க மாட்டேன் என்று பொருள்.

படிக்கட்டில் இடி உட்கார்ந்திருந்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது.

"அக்கா, மோசமா வாசிக்கக்கூட லாயக்கில்லாத ஆளுங்களாயிட்டோம் நாம."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"மச்சினன் இரும்புக் கடை வச்சிருக்கான். வா வான்னு ரொம்ப நாளா கூப்பிடறான். ஆணி எடை போடறதுக்கும் கை நிதானம் வேணும் இல்ல?"

அவனை எப்படித் தேற்றுவது என்று தலைவிக்குத் தெரியவில்லை. அவளுக்கே தேறுதல் வேண்டியிருந்தது. போதாத குறைக்கு அதே வாரம் வயலின் மாணவி ஒருத்தி வெளியூர் இசைக்குழுத் தேர்விலிருந்து கண் வீங்கத் திரும்பி வந்தாள். துறையிலேயே கெட்டிக்காரி. "இங்க வாசிச்சா நல்லா வருது டீச்சர். அங்க தனியா நின்னா கை தவிக்குது" என்றாள். இவளுக்கு முன்னால் போனவர்களும் வந்து இதையேதான் சொன்னார்கள். தலைவி எப்போதும் போல, பயத்தை விடு, தைரியமாகப் போ என்று சொல்லி அனுப்பினாள். சொல்லும்போதே அந்த வார்த்தை தேய்ந்துபோனது போல அவளுக்கு இருந்தது.

சில நாளில் மெத்தை முதலாளியிடமிருந்து அழைப்பு. அரங்கத்து இருக்கைகளுக்குத் தன் கம்பெனிப் பஞ்சையே போடப்போகிறாராம். எந்த மெதுமை வேண்டும் என்று இசைக்காரர்கள்தான் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். முதல்வர் போகச் சொன்னார். தலைவி இடியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வேலை போகப்போறவனை சீட்டு பார்க்கக் கூட்டிட்டுப் போற ஒரே அக்கா நீங்கதான்" என்று முனகிக்கொண்டே அவன் வந்தான்.

தொழிற்சாலை ஒரே இரைச்சல். வெட்டும் இயந்திரம், தைக்கும் இயந்திரம், சரக்கு வண்டி. முதலாளி கத்திக் கத்தி விளக்கியபடி பின்பக்கக் கிடங்குக்குள் அழைத்துப் போனார். தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் பஞ்சுப் பாளங்கள், நடுவில் ஆள் நிற்க மட்டும் இடம். அவர்களுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"எவ்வளவு..." என்று ஆரம்பித்த தலைவி நிறுத்திக்கொண்டாள். சொன்ன வார்த்தை வாயை விட்டு இறங்கி அங்கேயே விழுந்துவிட்டது. திரும்பி வரவில்லை. இயந்திரச் சத்தம் எங்கோ போய்விட்டது. இடியும் அதைக் கவனித்துவிட்டான். அவன் விரலைச் சொடுக்கினான். சுள்ளி முறிந்தது போல ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான்.

"சார், நாங்க கேட்டது இந்த அறைதான்!" என்றாள் தலைவி. குரலில் அவளை மீறி உற்சாகம் வந்துவிட்டது. "வரைபடத்துல இருந்தது இதுதான். ஒரு நிமிஷம் நில்லுங்க, பாடிக் காட்டறேன். இப்படி ஓர் அறை இருந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்."

அவள் கைப்பையில் எப்போதும் ஓர் இசைக்கவை இருக்கும். இரண்டு கால் வைத்த எஃகுத் துண்டு. தட்டினால் ஒரே ஒரு சுரத்தைத் தவறாமல் சொல்லும். முட்டியில் தட்டிக் காதோரம் வைத்தாள். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள். மேடையில் எத்தனையோ முறை பாடிய பாட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். பின்னால் பியானோ இல்லை, பக்கத்தில் வயலின் இல்லை, பலகைக்கு அப்பால் யாரும் இல்லை. பாட்டு ஏறி, இறங்கி, புறப்பட்ட சுரத்துக்கே திரும்பி வந்து நின்றது. நிறைவோடு இசைக்கவையை மறுபடி தட்டினாள்.

அதன் சுரம் அவளுக்கு மேலே இருந்தது.

அதிகம் இல்லை, மயிரிழைதான். ஆனால் அவள் கீழே நின்றாள், எஃகுத் துண்டு மேலே நின்றது. கை தவறியிருக்கும் என்று இன்னொரு முறை தட்டினாள். அதேதான். நம்பமாட்டாமல் பாட்டின் கடைசி அடியை மட்டும் மறுபடி பாடினாள். மறுபடியும் சறுக்கினாள், இந்த முறை சறுக்குவது அவளுக்கே கேட்டது.

இடி பஞ்சுப் பாளத்தில் ஒட்டியிருந்த சீட்டை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. தரை பிளந்தால் நல்லது என்று இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் முதலாளி.

"தப்பாப் பாடிட்டேன் சார்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"எனக்கும் தெரியாது சார். இத்தனை வருஷமா." அவள் இசைக்கவையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மூடி மறைத்துவிட்டு இருக்கையைப் பற்றிப் பேசலாம், இந்த மனிதருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் வயலின்காரப் பெண்ணின் வீங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன. தைரியமாகப் போ என்று எத்தனை பேரை அனுப்பினாள்! "நான் சறுக்கினா பக்கத்துல வயலின் தூக்கிவிடும். வயலின் சறுக்கினா நான் தூக்கிவிடுவேன். ட்ரம்ஸ் எல்லாரையும் இழுத்துட்டுப் போகும். அன்னிக்கு நீங்க கண்ணை மூடிக் கேட்டீங்களே, அது எங்க திறமைன்னு நானும்தான் நினைச்சேன். அது எங்க வியாதி சார். பிள்ளைங்க ஒருத்தரும் தன்னைத் தனியாக் கேட்டதே இல்ல. நானே இன்னிக்குத்தான் கேட்டேன். ஹால் வேணும்தான், வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி தப்பு பண்ண ஓர் இடம் வேணும்."

முதலாளி பஞ்சை ஒரு முறை அமுக்கி விட்டார். அது மெல்ல எழுந்தது.

"புது மெத்தை வாங்கிட்டுப் போறவங்க பத்து நாள்ல சண்டைக்கு வருவாங்க மேடம். உங்க மெத்தையால முதுகு வலிக்குதும்பாங்க. வலி பழசு. குழிவிழுந்த மெத்தையில அதுக்கேத்த மாதிரி வளைஞ்சு படுத்துப் பழகியிருப்பாங்க. சமமா ஒண்ணு கிடைச்சதும் வலி தெரியும்." அவர் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். "எங்க தொழிலே உள்ள இருக்கறதுதான். ஜனங்க தடவிப் பார்க்கறது உறையை. காசு போறது உள்ளுக்கு. சுவரும் அதே கதைதானே?"

"அதேதான் சார்" என்றான் இடி, முதல் முறையாக வாயைத் திறந்து.

"ஆனா என் பேர் போர்டு வேணும். அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"எங்க வேணும்னாலும் வைங்க" என்றாள் தலைவி.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒவ்வொரு ரூமுலயும் கதவுக்கு உள்பக்கம். கதவைச் சாத்தினாத்தான் தெரியணும். காசு கொடுத்தது கதவைச் சாத்தறதுக்குத்தானே."

கட்டடம் எழுந்தது. முதல்வருக்கு அரங்கம் போன வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது. வெளியே கடிகாரம் வந்ததும் ஆறிவிட்டது. இடி கடைசி அறையில் தன் ட்ரம்ஸைப் பூட்டி வைத்தான். மச்சினன் கடைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. அறைக்குள் அவன் விளாசுவது நடையில் நிற்பவருக்கு யாரோ தலையணை தட்டுவது போலக் கேட்டது.

குடி போன முதல் வாரம் கணவர் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க, இப்ப நிம்மதியா?"

"சத்தமே இல்ல" என்றார் அவர். "ஊசி விழுந்தா கேக்குது. அப்படியும் பின் பெஞ்சு தூங்குது." செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "நான் பேசறது எனக்கே இன்னிக்குத்தான் கேட்டுச்சு. நானா இருந்தாலும் தூங்கியிருப்பேன்." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அவர் மெய்யாகவே வருந்துகிறார் என்று தெரிந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மெத்தை முதலாளி வந்து பார்க்கப்போகிறார் என்ற நாளன்று தலைவி நடை வழியே நடந்தாள். எல்லாக் கதவுகளும் அகலத் திறந்து கிடந்தன. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அறைகளில் பழைய கூடத்தைப் போலவே சத்தம் கலந்து ஓடிக்கொண்டிருந்தது. வயலின்காரப் பெண் கதவிடுக்கில் தன் பையையே முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

"சாத்தினா என்னவோ மாதிரி இருக்கு டீச்சர்."

"இருக்கும்மா. எனக்கும் இருக்கும்" என்று தலைவி பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். வயலின் நடுவில் அறுந்தது போல நின்றுபோயிற்று. அடுத்த கதவு, அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போனாள். இடி உள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டினான், அவனையும் சாத்தினாள். நடையில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கடைசியில் அவள் அறை இருந்தது. அந்தக் கதவும் இதுவரை திறந்தேதான் கிடந்தது. உள்ளே போய் இழுத்துச் சாத்தினாள். கண்ணுக்கு நேரே மெத்தை முதலாளியின் பெயர் பளபளத்தது.

இசைக்கவையைத் தட்டிச் சுரத்தை எடுத்துக்கொண்டாள். பாட்டை முழுதும் பாடி, புறப்பட்ட இடத்துக்கு வந்து, மறுபடி தட்டிப் பார்த்தாள். இன்னமும் மயிரிழை கீழேதான். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. தலைவி முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள்.